பெரிய கேமராவா, பைக்குள் அடங்கும் கேமராவா?

“அத்தை, போனஸ் வந்துடுச்சு. பெரிய கேமரா ஒன்னு வாங்கப் போறேன். எது நல்லதுன்னு நீங்களே சொல்லிடுங்க.”

ஜனவரி முதல் வாரத்தில் அண்ணன் மகள் அனுப்பிய குரல் பதிவு இது. அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. வைகாசியில் அவளுடைய அண்ணனுக்குக் கல்யாணம். அதைத் தானே படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. கூடவே பாட்டியையும் நிறையப் படம் எடுத்து வைக்க வேண்டுமாம்.

பாட்டி என்றால் என் அம்மா. 79 வயது. ஒன்றரை வருடமாக நினைவு தடுமாறுகிறது. காலையில் பசியாறியது பத்து மணிக்கு மறந்துவிடும். “பாட்டி நம்மளையெல்லாம் மறக்கறதுக்கு முன்னாடி...” என்று தொடங்கிய அந்தக் குரல் பதிவு பாதியிலேயே நின்றிருந்தது.

“ஒரு மாதம் பொறு, இப்போதைக்கு எதுவும் வாங்காதே” என்று பதில் அனுப்பினேன். என்னிடம் பெரிய கேமரா ஒன்று இருக்கிறது. சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னது ஒன்றைத் தோழியிடம் இரவல் வாங்கினேன். இரண்டையும் ஒரே மாதத்தில், ஒரே மனிதர்களிடம், ஒரே இடங்களில் பயன்படுத்திப் பார்த்தோம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கேமரா ஆசை வரும் எல்லாருக்கும் அந்த அனுபவம் உதவும் என்பதால் இந்த வாரம் அதை எழுதுகிறேன்.

எவை அந்த இரண்டு?

பெரியது, சோனி ஏ7 ஃபோர். 2021ல் அறிமுகமான மிரர்லெஸ் கேமரா. பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும். அதை எடுத்துவிட்டு, ஒளியுணரி பார்ப்பதை நேராகத் திரையில் காட்டுவதால் இந்தப் பெயர். லென்ஸைக் கழற்றி மாற்றலாம். நான் பயன்படுத்துவது 24-70 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ்; திறப்பு எஃப் 2.8. கேமரா 658 கிராம், லென்ஸ் 695 கிராம். மொத்தம் ஒரு கிலோ 350 கிராமுக்குச் சற்று மேல்.

சின்னது, ரிக்கோ ஜிஆர் த்ரீ. 2019ல் வந்தது. இந்த வரிசையில் 2025ல் ஜிஆர் ஃபோரும் வந்துவிட்டது. பேட்டரி, அட்டை எல்லாம் சேர்த்து 257 கிராம். அதாவது பெரியதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. லென்ஸைக் கழற்ற முடியாது, ஜூமும் கிடையாது. நம் கைப்பேசியின் முதன்மைக் கேமராவைப் போல அகலமாகப் பார்க்கும் ஒரே கோணம்தான். கேமராக்காரர்கள் கணக்கில் 28 மில்லிமீட்டர். திறப்பு இதிலும் எஃப் 2.8. கண் வைத்துப் பார்க்கும் துளை இல்லை. உள்ளேயே ஃபிளாஷ் விளக்கு இல்லை. மழைக்கும் தூசிக்கும் பாதுகாப்பும் இல்லை.

விலையைப் பார்த்தால், லென்ஸோடு சேர்த்துப் பெரியது பல மடங்கு அதிகம்.

தொட்டியும் வாளியும்

அந்தக் காலத்துக் கம்பத்து வீட்டில் மழைத்தண்ணீர் பிடித்த கதையை அம்மா இன்னும் மறக்காமல் சொல்வார். கேமராவைப் புரிந்துகொள்ள அந்தக் கதையே போதும்.

ஒளியை மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் ‘எஃப்’ எண், மழை எவ்வளவு பலமாகப் பெய்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டு கேமராவிலும் அது 2.8 என்றால் மழை ஒன்றுதான். ஆனால் மழையைப் பிடிக்கும் பாத்திரத்தின் வாய் வேறு. பெரிய கேமராவின் ஒளியுணரி 36க்கு 24 மில்லிமீட்டர். சின்னதில் சுமார் 23.5க்கு 15.6. பரப்பளவில் பெருக்கிப் பார்த்தால் பெரியது இரண்டேகால் மடங்குக்கும் மேல். ஒரே நேரத்தில் தொட்டியில் சேரும் தண்ணீர் வாளியில் சேராது.

நல்ல வெயிலில் இது ஒரு பொருட்டே அல்ல; கொட்டும் மழையில் வாளியும் நிரம்பிவிடும். தூறலில்தான், அதாவது மண்டபத்திலும் இரவிலும்தான், வித்தியாசம் தெரியும். சின்ன வாளியில் சேர்ந்த குறைந்த ஒளியை உயர்த்திக் காட்டும்போது படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் கூடுதலாகத் தெரியும்.

பின்னணி மங்கி, முகம் மட்டும் தெளிவாகத் தெரியும் படங்களுக்கும் காரணம் உண்டு. லென்ஸின் குவிய நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் திறப்பின் உண்மையான அகலம் கிடைக்கும். பெரியதை 70 மில்லிமீட்டரில் வைத்தால் திறப்பு 25 மில்லிமீட்டர் அகலம். சின்னதன் லென்ஸ் உண்மையில் 18.3 மில்லிமீட்டர்தான் என்பதால் அதன் திறப்பு ஆறரை மில்லிமீட்டர். திறப்பு அகலமானால் பின்னணி அதிகம் மங்கும். கைப்பேசி இதைக் கணக்குப் போட்டுப் போலியாகச் செய்கிறது. அதனால்தான் சில சமயம் காதோரத்து முடியும் சேர்ந்து மங்கிவிடுகிறது.

கீழ்த்தளத்தில் ஒரு சைக்கிள்

முதல் சோதனை, எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில். பக்கத்து வீட்டு ஐந்து வயதுப் பையன் சைக்கிளில் எங்களை நோக்கி வர, இருவரும் மாறி மாறி எடுத்தோம்.

பெரியது அவன் கண்ணைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டது. அவன் திரும்பினாலும் வளைந்தாலும் விடவில்லை. விநாடிக்குப் பத்துப் படங்கள் வரை எடுக்கும். அவன் தூணைக் கடந்து சிரித்த அந்த நொடி, பல்லில் விழுந்த ஓட்டை உட்படத் தெளிவாக வந்தது.

சின்னது இந்த ஓட்டத்துக்குச் செய்யப்பட்டது அல்ல. அதன் பலம் வேறொரு பழைய உத்தியில் இருக்கிறது. தூரத்தை முன்கூட்டியே இரண்டு மீட்டர் என்று குறித்து வைத்து, திறப்பை எஃப் 8 ஆகச் சுருக்கிவிட்டால், சுமார் ஒரு மீட்டரிலிருந்து தூரத்துப் புளோக் வரை எல்லாமே ஓரளவு தெளிவாக விழும். பிறகு கேமரா எதையும் தேட வேண்டியதில்லை, அழுத்தியதும் எடுத்துவிடும். வெளிச்சமுள்ள தேக்கா சந்தையில் இது அருமையாக வேலை செய்தது. மீன்காரர் தராசைத் தூக்கிய கையோடு சிரித்ததை மருமகள் இப்படித்தான் பிடித்தாள். கீழ்த்தளத்தின் அரைவெளிச்சத்தில் எஃப் 8 கட்டுப்படியாகவில்லை. அங்கே வெற்றி பெரியதற்குத்தான்.

“சேலையை மாத்திட்டு வரேன்”

இரண்டாவது சோதனை, அம்மாவின் வீட்டில்.

சனிக்கிழமை பெரிய கேமராவோடு போனோம். அம்மா சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கேமராவைக் கண்டதும் கீரையை ஒதுக்கினார். “இரு, சேலையை மாத்திட்டு வரேன்” என்று எழுந்து போய், பட்டுச் சேலை கட்டி, பொட்டு வைத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை. அவர் தலைமுறைக்குப் படம் எடுப்பது என்றால் அப்படித்தான்.

படங்கள் அழகாக வந்தன. சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது, பின்னணி கரைந்திருந்தது. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டலாம். ஆனால் அது நாங்கள் தினமும் பார்க்கும் அம்மா இல்லை.

அடுத்த வாரம் சின்னதைக் கொண்டு போனோம். “என்னடி அது கையில, பொடி டப்பாவா?” என்று கேட்டார். “ஆமா பாட்டி” என்றாள் இவள். அவ்வளவுதான். அம்மா கீரை உருவுவதைத் தொடர்ந்தார். ஒரு காம்பை வாயில் கடித்துக்கொண்டு தொலைக்காட்சி நாடகத்தில் வரும் மாமியாரைத் திட்டினார். பூனைக்கு நெத்திலி வைத்தார். இந்தக் கேமராவில் படம் எடுக்கும் சத்தம் அநேகமாக வெளியில் கேட்காது. முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு மணி நேரத்தில் இவள் எடுத்த நாற்பது படங்களில் ஆறு நன்றாக இருந்தன. அந்த ஆறிலும் இருந்தது அம்மாதான்.

ஓர் எச்சரிக்கை. இந்த அகலக் கோணத்தில் ஒரு முழத்துக்குள் நெருங்கி முகத்தை எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். அது லென்ஸின் குற்றமல்ல, நாம் நெருங்கிய தூரத்தின் விளைவு. சின்னதில் முகத்தை மட்டும் எடுக்காமல், முகத்தோடு கையையும் மேசையையும் சேர்த்து எடுத்தால் படம் நன்றாக இருக்கும்.

மண்டபத்தில்

மூன்றாவது சோதனை, உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம். மாலை நேரம். மேடையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக எல்இடி விளக்குகள்.

மூன்றாம் வரிசையிலிருந்து சின்னதில் எடுத்தால் மேடை முழுவதும் வருகிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் கடுகு போலத் தெரிகிறார்கள். படத்தை வெட்டி நெருக்கமாகக் காட்டும் வசதி அதில் உண்டு. 50 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டினால் 24 மெகாபிக்சலில் சுமார் ஏழுதான் மிஞ்சும். ஏ4 தாளில் அச்சிட அதுவே போதும். ஆனால் மங்கிய வெளிச்சத்தின் புள்ளிகளும் சேர்ந்து பெரிதாகின்றன. கருநீலச் சேலையில் இருந்த சரிகை வேலைப்பாடு கரைந்து போயிற்று.

பெரியது இதற்காகவே பிறந்தது. அதே ஐஎஸ்ஓ 6400ல் சரிகையின் இழை தெரிந்தது. இரண்டு அட்டைகளில் ஒரே சமயத்தில் பதிவு செய்வதால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றும். திரும்ப நடத்த முடியாத சடங்குக்கு இது முக்கியம். பேட்டரி ஒரு முறை மின்னேற்றினால் 500 படங்களுக்கு மேல் தாங்கும். சின்னதில் சுமார் 200தான், மாற்று பேட்டரி இல்லாமல் வெளியே போகக்கூடாது.

பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. சத்தமில்லாமல் எடுக்கும் முறையில் வைத்து எல்இடி மேடையைப் படம் எடுத்தால், படத்தில் குறுக்கே கோடு கோடாக வரக்கூடும். நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அந்த விளக்குகள் மின்னுவதே காரணம். மண்டபத்தில் சத்தம் வந்தாலும் பரவாயில்லை என்று இயந்திர ஷட்டரையே பயன்படுத்துங்கள்.

கலைத்துப் போட்ட 4ஆர் படங்கள்

மாதக் கடைசியில் இரண்டு கேமராவின் படங்களிலிருந்தும் பத்துப் பத்தாகத் தேர்ந்தெடுத்து 4ஆர் அளவில் அச்சிட்டேன். சீட்டுக்கட்டு போலக் கலைத்து மருமகளிடம் கொடுத்து, எது எந்தக் கேமரா என்று பிரிக்கச் சொன்னேன்.

மண்டபப் படங்களை உடனே பிரித்துவிட்டாள். சைக்கிள் படங்களையும் அப்படியே. பகல் வெளிச்சத்தில் எடுத்தவற்றில் பாதிக்கு மேல் தவறாகச் சொன்னாள். வியப்பதற்கு ஒன்றுமில்லை. 4ஆர் படம் தெளிவாக அச்சாக இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று அதிகமாக இருந்தால் போதும். ஒன்றில் 33 மெகாபிக்சல், மற்றொன்றில் 24. இரண்டும் தேவைக்கு மேல்தான்.

“அப்போ பெரியதுதான் அத்தை. கல்யாண மண்டபம் இருட்டா இருக்குமே” என்றாள்.

சோபாவில் சாய்ந்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்: “ஏன்டி, தாலி கட்டுறப்ப நாத்தனார் முடிச்சு யாரு போடுவா? இந்தப் பொட்டியா போடும்?”

எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. எங்கள் வீட்டு வழக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட, மற்ற இரண்டையும் அவருடைய தங்கைதான் போட வேண்டும். மாப்பிள்ளைக்கு இருப்பது ஒரே தங்கை. கெட்டிமேளம் கொட்டும் அந்த நேரத்தில் இவள் கை தாலிக்கயிற்றில் இருக்க வேண்டும், கேமராவில் அல்ல. காலையில் சாப்பிட்ட இட்லியை மறந்தவருக்கு இது நினைவிருந்தது.

யாருக்கு எது?

அன்று நாங்கள் பேசி முடிவெடுத்த முறையை உங்களுக்கும் சொல்கிறேன். கடைக்குப் போகுமுன் கைப்பேசியில் கடந்த ஓராண்டுப் படங்களைத் திறந்து பாருங்கள். அதில் இல்லாத படங்கள் எவை என்று யோசித்து, ‘இருந்திருந்தால் நன்றாக இருக்குமே’ என்று தோன்றும் மூன்றை ஒரு தாளில் எழுதுங்கள்.

அவை ஓடுபவை, தூரத்தில் இருப்பவை, இருட்டில் நடப்பவை என்றால் பெரிய மிரர்லெஸ் கேமரா உங்களுக்குப் பயன்படும். பள்ளி விளையாட்டு விழா, நடன அரங்கேற்றம், தைப்பூச இரவில் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் எல்லாம் இந்த வகை. பிறரிடம் காசு வாங்கிப் படம் எடுப்பவர்களுக்கும் இதுதான். காசு வாங்கிய பிறகு ‘வெளிச்சம் போதவில்லை’ என்று சொல்ல முடியாது.

வேண்டிய படங்கள் வீட்டிலும் சந்தையிலும் பேருந்து நிறுத்தத்திலும் தினமும் நடப்பவை என்றால், தினமும் பையில் இருக்கக்கூடிய கேமராவே நல்லது. ‘கைப்பேசி போதாதா?’ என்று கேட்பீர்கள். பகலில் பெரும்பாலும் போதும். ஆனால் படம் எடுக்கக் கைப்பேசியைத் திறந்தால் மூன்று குறுந்தகவல்கள் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. நிமிர்ந்து பார்ப்பதற்குள் கீரை உருவி முடிந்திருக்கும்.

சின்னதிலேயே ஜூம் வேண்டும் என்பவர்களுக்கு சோனி ஆர்எக்ஸ்100 செவன் போன்றவை இருக்கின்றன. 302 கிராமில் 24லிருந்து 200 மில்லிமீட்டர் வரை எட்டிப் பிடிக்கும். ஒளியுணரி 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான்; வாளி இன்னும் சிறியது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆண்டுக்கு ஒரே ஒரு விழாவுக்குத்தான் பெரியது வேண்டும் என்றால், வாடகைக்கு எடுக்கலாம். நம் ஊரில் வாரயிறுதிக்கு வாடகைக்கு விடும் கடைகள் உண்டு. விழா உங்கள் வீட்டுடையது என்றால், தொழில்முறைப் படக்காரரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் படத்தில் இருங்கள்.

பழைய கேமரா வாங்குவோர் இரண்டு சோதனைகளைக் கடையிலேயே செய்யுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். பிறகு திறப்பை எஃப் 16 ஆக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள்; கரும்புள்ளிகள் தெரிந்தால் உள்ளே தூசி இருக்கிறது. கழற்ற முடியாத லென்ஸ் உள்ள சின்ன கேமராவில் அதைச் சுத்தம் செய்வது சுலபமல்ல.

வாங்கியதை நம் ஊர் ஈரப்பதத்திலிருந்து காப்பதும் முக்கியம். ஈரப்பதம் 40லிருந்து 50 விழுக்காட்டுக்குள் இருக்கும் உலர்பெட்டியில் வையுங்கள். ஆனால் சின்ன கேமராவைத் தினமும் வெளியே எடுங்கள். உலர்பெட்டிக்குள்ளேயே இருக்கும் கேமராவுக்குப் பூஞ்சை வராது. அதில் படமும் வராது. என் பெரிய கேமராவில் பிறர் வீட்டுக் கல்யாணங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அம்மாவின் படங்களைத் தேடினேன். எல்லாமே பட்டுச் சேலையில், கைகளை முழங்காலில் வைத்தபடி.

வைகாசி முடிந்தது

மருமகள் பழைய சின்ன கேமரா ஒன்றை வாங்கினாள். மிச்சப் பணத்தில் ஒரு பகுதி, கல்யாணப் படக்காரருக்கு அவள் கொடுத்த பங்கு. அவர் வேலை தெரிந்தவர். மணப்பெண்ணின் கழுத்துக்குப் பின்னால், மல்லிகைச் சரத்தை ஒரு கையால் ஒதுக்கி, மறு கையால் முடிச்சை இறுக்கும் அவள் விரல்கள் ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் இருக்கின்றன. அந்த வெளிச்சத்தில் அந்தப் படத்தைச் சின்னது எடுத்திருக்காது. அவள் எப்படியும் எடுத்திருக்க முடியாது.

முருங்கைக்கீரைப் படம் 4ஆர் அளவில் அம்மா வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. போன வாரம் தண்ணீர் எடுக்க வந்தவர் அதன் முன் நின்றுவிட்டார்.

“இது யாரு? எங்கம்மா மாதிரியே இருக்காங்க” என்றார்.

“நீங்கதான் பாட்டி” என்றாள் மருமகள்.

“நானா? நான் எப்படி, கீரையெல்லாம் நல்லாத்தான் உருவறேன்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

இப்போது தினமும் அந்தப் படத்தைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கிறார். நாங்களும் அதே பதிலைச் சொல்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், எந்தக் கேமரா என்று முடிவெடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரயிறுதியில் கையில் இருப்பதைக் கொண்டு எடுங்கள். எடுத்ததில் ஒன்றையாவது அச்சிட்டு, அவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.